முதல் வருஷக் கணக்கு: அமெரிக்காவில் புதிதாக டிரக் ஓட்ட வருபவர் கொடுக்கும் விலை

"ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடு, அப்புறம் நீ நினைத்த இடத்தில் வேலை கிடைக்கும்." அமெரிக்காவில் பெரிய டிரக் நிறுவனம் ஒன்றில் புதிதாகச் சேருபவர் திரும்பத் திரும்பக் கேட்கும் அறிவுரை இது. பயிற்சிப் பள்ளியில் சொல்வார்கள். டிரக் ஸ்டாப்பில் காபிக்கு நிற்கும்போது பக்கத்தில் நிற்பவர் சொல்வார். வேலைக்கு ஆள் எடுக்கும் ரெக்ரூட்டரும் சொல்வார். அறிவுரை தப்பில்லை. ஆனால் அந்த ஒரு வருஷத்தில் இரண்டு விதமான கஷ்டங்கள் கலந்து கிடக்கின்றன. தொழில் கைக்கு வரும்வரை யாராக இருந்தாலும் படவேண்டிய பாடு ஒன்று. தொழில் நடத்தப்படும் விதத்தால் புதியவர் தலையில் வந்து விழும் செலவு இன்னொன்று. முதலாவதைக் குறைக்க முடியாது. இரண்டாவது 1938-இலும் 1980-இலும் எடுத்த முடிவுகளிலிருந்து வந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால்தான் எதைப் பொறுத்துக்கொள்வது, எதைக் கேள்வி கேட்பது என்று புதியவருக்குப் புரியும்.

புதியவர் ஏன் பெரிய நிறுவனத்திடமே போய்ச் சேர்கிறார்? ஐந்தாறு வண்டி வைத்திருக்கும் சின்ன முதலாளி அவரை எடுக்க நினைத்தாலும் இன்சூரன்ஸ் கம்பெனி ஒத்துக்கொள்வதில்லை. ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ விபத்தில்லாமல் ஓட்டிய அனுபவம் கேட்கும். ஆயிரக்கணக்கான வண்டிகள் ஓட்டும் நிறுவனங்கள் விபத்துச் செலவின் பெரும்பகுதியைத் தாங்களே ஏற்கும் அளவுக்குப் பெரியவை என்பதால் அனுபவமில்லாதவரை எடுக்கத் துணிகின்றன. சில நிறுவனங்கள் பள்ளியையும் தாங்களே நடத்துகின்றன. கையில் காசில்லாதவருக்கு அது பெரிய கதவு. ஆனால் உள்ளே போகும்போதே ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். குறித்த காலம், பெரும்பாலும் ஒரு வருஷம், முடியும் முன் விலகினால் பயிற்சிச் செலவு சில ஆயிரம் டாலர் கடனாக நிற்கும்.

உரிமம் வாங்குவது அவ்வளவு நீண்ட வேலை இல்லை. பயிற்சி உரிமம் வாங்கிக் குறைந்தது 14 நாள் ஆன பிறகு ஓட்டுத் தேர்வுக்குப் போகலாம். 2022 பிப்ரவரி 7 முதல் மத்திய அரசு அனுமதித்த பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் இத்தனை மணி நேரம் ஸ்டியரிங் பிடித்திருக்க வேண்டும் என்ற குறைந்தபட்ச அளவு அதில் கிடையாது. பயிற்சி கொடுப்பவர் "இவருக்கு வருகிறது" என்று சொன்னால் போதும். எல்லைக்கு அந்தப் பக்கம் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2017 ஜூலை முதல் 103.5 மணி நேரப் பயிற்சி கட்டாயம். டொரோண்டோ பக்கம் இருந்து எல்லை தாண்டி ஓட்டும் நம் ஈழத்தமிழர்கள் அந்த வழியாக வருகிறவர்கள். அமெரிக்கச் சாலையில் ஏறியதும், எத்தனை மணி நேரம் ஓட்டலாம் என்பதில் அவர்களுக்கும் அமெரிக்க விதிதான்.

ஆகவே, நாலைந்து வாரத்தில் சிடிஎல் என்ற கனரக வண்டி உரிமம் வாங்கிய ஒருவர், சரக்கோடு சேர்த்து 80,000 பவுண்டு, அதாவது சுமார் 36 டன் எடை வரை போகக்கூடிய வண்டியை ஓட்டத் தகுதி பெற்றுவிடுகிறார். தகுதி வந்துவிடுகிறது, பழக்கம் வருவதில்லை. அந்த இடைவெளியை அடைக்கத்தான் டிரெய்னரோடு ஓட்டும் காலம்.

இங்கேதான் முதல் சிக்கல். சட்டப்படி ஒரு ஓட்டுநர் வேலையைத் தொடங்கிய 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம்தான் ஓட்டலாம். அப்புறம் தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வு. ஒரே வண்டியில் இரண்டு பேர் மாறி மாறி ஓட்டினால் வண்டி கிட்டத்தட்ட நிற்காமலே ஓடும். டிரெய்னரும் புதியவரும் அப்படி ஓட்டினால், பயிற்சி என்ற பெயரில் நிறுவனத்துக்கு இரட்டை ஓட்டுநர் வண்டி ஒன்று குறைந்த செலவில் கிடைக்கிறது. டிரெய்னர் தூங்கும்போது புதியவர் தனியாக ஓட்டுகிறார். அந்த நேரத்தில் யாரும் யாருக்கும் எதுவும் சொல்லிக்கொடுப்பதில்லை. டிரெய்னரே தொழிலுக்கு வந்து ஆறு மாதம் ஆனவராக இருப்பதும் உண்டு.

டெக்சாஸில் ஒடெஸ்ஸா அருகே ஐ-20 நெடுஞ்சாலையில் 2014 டிசம்பர் 30 அன்று நடந்த விபத்து இந்த ஏற்பாட்டின் மேல் வெளிச்சம் போட்டது. எதிர்ப்பக்கம் வந்த ஒரு பிக்கப் பனியில் வழுக்கி, நடுப்பகுதியைத் தாண்டி, வெர்னர் நிறுவனத்தின் டிரக் முன்னால் வந்துவிட்டது. ஏழு வயதுப் பையன் இறந்தான். அவனுடைய அக்காவுக்குக் கைகால் செயலிழந்தது. டிரக்கை ஓட்டியவர் பயிற்சியில் இருந்தவர். டிரெய்னர் கேபினின் பின்னால் உள்ள ஸ்லீப்பர் என்ற படுக்கையில் படுத்திருந்தார். 2018-இல் ஜூரி கிட்டத்தட்ட 9 கோடி டாலர் நஷ்ட ஈடு விதித்தது. 2025 ஜூனில் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பிக்கப் கட்டுப்பாட்டை இழந்ததுதான் விபத்துக்குக் காரணம், டிரக் அங்கே இருந்தது காரணமாகாது என்பது தீர்ப்பு. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் பனி உறைந்த சாலையில் பயிற்சி ஓட்டுநரை விட்டுவிட்டு டிரெய்னர் தூங்கும் ஏற்பாட்டைப் பயிற்சி என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றும் உண்டு. முன்பின் தெரியாத இரண்டு பேர் குளியலறை அளவுகூட இல்லாத கேபினில் வாரக்கணக்கில் சேர்ந்து வாழ வேண்டும். டிரெய்னர் "தேறவில்லை" என்றால் புதியவரின் வேலை போய்விடும். பெண்களுக்கு இது எத்தனை ஆபத்தான நிலை என்று விளக்கத் தேவையில்லை. டிரெய்னர்களும் சக ஓட்டுநர்களும் பாலியல் தொல்லை கொடுத்ததாகச் சிஆர்எஸ்டி நிறுவனத்தின் மீது சம வேலைவாய்ப்பு ஆணையம் 2007-இல் போட்ட வழக்கு, பெரும்பாலும் தள்ளுபடியானாலும், வழக்குச் செலவுப் பிரச்சினையில் 2016-இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போனது.

பயிற்சிக் காலச் சம்பளத்தைப் பற்றியும் நீதிமன்றங்கள் பேசியிருக்கின்றன. பிரைம் என்ற டிரக் நிறுவனத்துக்கு எதிராக டொமினிக் ஒலிவேரா தொடுத்த வழக்கில் அவர் சொன்ன கணக்கு இது: முதல் 10,000 மைல் ஓட்டியதற்குச் சம்பளமே இல்லை. அடுத்த 30,000 மைல் பயிற்சி ஓட்டத்துக்கு மணிக்குச் சுமார் 4 டாலர்தான் தேறியது. அப்புறம் நிறுவனத்திடமே வண்டியைக் குத்தகைக்கு எடுத்து "சுயதொழில்காரர்" ஆனார். பிடித்தம் எல்லாம் போக, சில வாரங்களில் அவர்தான் பாக்கி வைத்தவராக ஆனார். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட ஓட்டுநரை வெளி மத்தியஸ்தத்துக்குப் போகச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது என்று ஒருமனதாகச் சொல்லிவிட்டது. 2023-இல் பாஸ்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், இரட்டை ஓட்டத்தில் ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு மேல் ஸ்லீப்பரில் கழியும் நேரத்துக்கும் சம்பளம் உண்டு என்று வேறொரு வழக்கில் தீர்ப்பளித்தது. ஓடும் வண்டியின் பின்னால் படுத்திருப்பவர் வீட்டில் படுத்திருப்பவரைப் போல ஓய்வில் இல்லை என்பதைச் சட்டம் இப்போதுதான் மெல்ல ஒப்புக்கொள்கிறது.

ஒரு நாள், மைல் கணக்கில்

பயிற்சி முடிந்து தனி வண்டி கையில் வந்த பிறகு உள்ள நிலையைப் பார்ப்போம். பெரும்பாலான நெடுந்தூர நிறுவனங்கள் மைலுக்கு இத்தனை சென்ட் என்றுதான் கொடுக்கின்றன. கணக்குப் பார்க்க வசதியாக 50 சென்ட் என்று வைத்துக்கொள்வோம்.

காலை 5 மணி. வண்டியைச் சுற்றி வந்து டயர், விளக்கு, பிரேக் ஹோஸ் எல்லாம் பார்த்துவிட்டு, 20 மைல் தூரத்தில் இருக்கும் குளிர்பதனக் கிடங்குக்குக் கிளம்புகிறார். 14 மணி நேரக் கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது. 2017 டிசம்பரிலிருந்து இதை எழுதுவது ஓட்டுநர் இல்லை, எஞ்சினோடு இணைத்த இஎல்டி கருவி. அப்பாயின்ட்மெண்ட் 6 மணிக்கு. ஜன்னலில் பேப்பரைக் கொடுத்தால் "கூப்பிடுகிறோம்" என்கிறார்கள். 7:30-க்கு எந்தச் சரக்கு வாசலில் வண்டியை விட வேண்டும் என்ற டாக் எண் வருகிறது. சரக்கை இறக்கும் ஆட்களுக்கு லம்பர் என்று பெயர். அவர்கள் இறக்கி முடித்துக் கையெழுத்தான பேப்பர் கைக்கு வர 10:45 ஆகிறது. அடுத்த லோடு 40 மைல் தள்ளி. அங்கே காலி டிரெய்லரை விட்டுவிட்டு நிறைந்ததை மாட்டிக்கொண்டு வெளியே வர மதியம் 1:30. கடிகாரம் மாலை 7 வரை இருக்கிறது. ஆனால் இருட்டிய பிறகு டிரக் ஸ்டாப்பில் இடம் கிடைக்காது என்று அவருக்குத் தெரியும். அதனால் 5:30-க்கே ஒதுங்கிவிடுகிறார். 1:30-இலிருந்து அதுவரை ஓட்டியது 230 மைல்.

மொத்தம் 290 மைல். 145 டாலர். வேலையில் இருந்தது பன்னிரண்டரை மணி நேரம். மணிக்கு 11 டாலர் 60 சென்ட். நல்ல நாளில் 550 மைல் ஓடி 275 டாலரும் வரும். ஆனால் எது நல்ல நாள், எது மோசமான நாள் என்பது ஓட்டுநர் கையில் இல்லை. இரவு வீட்டுக்குப் போகவும் முடியாது. பல நிறுவனங்களில் ஒரு வாரம் வெளியே இருந்தால் ஒரு நாள் வீடு என்பதுதான் கணக்கு.

அந்த 5:30 முடிவைப் பற்றி ஒரு வார்த்தை. ஜேசன் ரிவன்பர்க் என்ற ஓட்டுநர் 2009-இல் தென் கரோலினாவில், நிறுத்த வேறு இடம் கிடைக்காமல் கைவிடப்பட்ட பெட்ரோல் பங்க் ஒன்றில் வண்டியை நிறுத்தித் தூங்கியபோது கொள்ளைக்காரனால் சுட்டுக் கொல்லப்பட்டார். 2012-இல் டிரக் நிறுத்துமிடங்களுக்காக வந்த சட்டத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள். இடம் இன்னும் போதவில்லை. சம்பளமில்லாமல் இழக்கும் அந்த ஒன்றரை மணி நேரம் உயிருக்குப் பயந்து கொடுக்கும் விலை.

கிடங்கில் போன நேரத்துக்கு டிடென்ஷன் என்று ஒரு தொகை உண்டு. ஆனால் முதல் இரண்டு மணி நேரம் இலவசம் என்பது தொழிலில் ஊறிப்போன வழக்கம். அதற்கு மேலும் கிடங்குக்காரர் ஒத்துக்கொண்டால்தான் பல இடங்களில் காசு. போக்குவரத்துத் துறையின் தணிக்கை அலுவலகம் 2018-இல் வெளியிட்ட அறிக்கை, இந்தக் காத்திருப்பால் ஓட்டுநர்கள் வருஷத்துக்கு 110 முதல் 130 கோடி டாலர் வரை வருமானம் இழப்பதாக மதிப்பிட்டது. அதைவிட என்னை உலுக்கியது அதே அறிக்கையில் இருந்த இன்னொரு வரி: கிடங்கில் நிற்கும் சராசரி நேரம் 15 நிமிஷம் கூடினால் விபத்து விகிதம் 6.2 சதவீதம் கூடுகிறது. காரணம் எளிது. இழந்த நேரத்தை ஓட்டுநர் சாலையில் பிடிக்கப் பார்க்கிறார்.

யார் போட்ட கணக்கு?

இதெல்லாம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1935 சட்டப்படி சரக்குக் கட்டணத்தையும் எந்த நிறுவனம் எந்தத் தடத்தில் ஓடலாம் என்பதையும் மத்திய ஆணையம் கட்டுப்படுத்தியது. போட்டி குறைவு, கட்டணம் அதிகம், அதில் ஒரு பங்கு ஓட்டுநருக்கும் போனது. 1964-இல் டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கத்தின் தலைவர் ஜிம்மி ஹாஃபா 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குச் சேர்த்து நாடு தழுவிய ஒரே ஒப்பந்தம் போட்டார். 1980 ஜூலை 1 அன்று அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. புது நிறுவனங்கள் புற்றீசல் போலக் கிளம்பின. கட்டணம் விழுந்தது. பொருள் வாங்குபவருக்கு லாபம். ஆனால் ஒருவருடைய சரக்கே வண்டி முழுக்கப் போகும் நெடுந்தூர முழு லோடு தொழிலில் தொழிற்சங்கம் கிட்டத்தட்ட இல்லாமல் போனது. கூலியும் சரிந்தது. 1938 தொழிலாளர் சட்டம் மாநிலம் விட்டு மாநிலம் ஓட்டும் ஓட்டுநர்களுக்கு ஓவர்டைம் கிடையாது என்று முன்பே விலக்கு வைத்திருந்தது. 40 மணி நேரத்துக்கு மேல் ஒன்றரை மடங்கு கொடுக்கத் தேவையில்லாத தொழிலில், காத்திருப்பு யாருக்கும் செலவாகத் தெரிவதில்லை. கிடங்குக்காரருக்கு அது இலவசம், நிறுவனத்துக்குக் கிட்டத்தட்ட இலவசம். செலவு முழுவதும் இருக்கையில் உட்கார்ந்திருப்பவருடையது.

விளைவு என்ன? பெரிய நெடுந்தூர நிறுவனங்களில் வேலையை விட்டுப் போகிறவர்கள் விகிதம் பல ஆண்டுகளாக வருஷத்துக்கு 90 சதவீதத்தைச் சுற்றியும் அதற்கு மேலுமாகவே இருந்து வந்திருக்கிறது என்பது டிரக் முதலாளிகள் சங்கத்தின் சொந்தக் கணக்கு. நூறு இருக்கைக்கு வருஷா வருஷம் தொண்ணூறு புது ஆள். அதே சங்கம் 2021-இல் 80,000 ஓட்டுநர் பற்றாக்குறை என்று அறிவித்தது. பொருளாதார ஆய்வாளர்களான ஸ்டீபன் பர்க்ஸும் கிறிஸ்டன் மொனாகோவும் 2019-இல் அரசுப் புள்ளிவிவர இதழில் எழுதிய கட்டுரையில், ஓட்டுநர் சந்தை மொத்தத்தில் மற்ற உடலுழைப்புத் தொழில்களைப் போலவே இயங்குகிறது, ஆட்கள் ஓயாமல் வந்துபோகும் சிக்கல் நெடுந்தூர முழு லோடு பகுதியில்தான் இருக்கிறது என்று காட்டினார்கள். என் பார்வையில், ஆள் கிடைக்காத தொழில் இது இல்லை, ஆளைத் தக்கவைக்கத் தேவையில்லாதபடி அமைந்துவிட்ட தொழில். புதியவர்கள் வந்துகொண்டே இருக்கும்வரை பழையவர்கள் போவதைத் தாங்கிக்கொள்ள முடிகிறது. "ஒரு வருஷம் பொறு" என்ற பேச்சு அந்தச் சக்கரத்துக்கு எண்ணெய்.

கைக்கு வரவேண்டிய வித்தை

இவ்வளவு சொன்ன பிறகும், முதல் வருஷத்தில் நியாயமான ஒரு பங்கு இருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். வண்டியைப் பின்னால் எடுப்பதை மட்டும் பாருங்கள். 53 அடி டிரெய்லர். ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் டிரெய்லரின் பின்பகுதி வலப்பக்கம் போகும். கொஞ்சம் அதிகமாகத் திருப்பிவிட்டால் வண்டி நடுவில் மடிந்து, வலப்பக்கக் கண்ணாடியில் டிரெய்லரின் பக்கவாட்டுச் சுவர் மட்டும்தான் தெரியும், பின்முனை எங்கே இருக்கிறது என்றே தெரியாது. இரண்டு டிரெய்லருக்கு நடுவில் பத்தடி இடைவெளி. எதிரே நாலு பேர் வண்டியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பின்னால் ஒருவர் ஹாரன் அடிக்கிறார். புதியவருக்கு அந்த நேரத்தில் வருவது அவமானம். அவமானம் வந்ததும் அவசரம் வரும். அவசரத்தில்தான் பக்கத்து வண்டியின் ஹூட்டைக் கிழிப்பார்கள்.

மருந்து ஒன்றுதான். பிரேக்கைப் போட்டு, இறங்கி, நடந்து போய்ப் பார்ப்பது. மறுபடி ஏறி ஒரு மூன்றடி எடுப்பது. சந்தேகம் வந்தால் மறுபடி இறங்குவது. பத்து தடவை இறங்கினாலும் அவமானமில்லை. பத்து வருஷம் ஓட்டியவர்களும் இறங்கித்தான் பார்க்கிறார்கள். இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. நூறு, இருநூறு தடவை எடுத்தபின் ஒரு நாள் கை தானாகவே போகும்.

மலையும் அப்படித்தான். ஒரிகானில் ஐ-84 சாலையின் கேபேஜ் இறக்கம் 6 சதவீதச் சரிவு, கூடவே கொண்டை ஊசி போன்ற வளைவுகள். மேலே இருக்கும்போதே கியரைக் குறைத்து எஞ்சின் பிரேக்கில் இறங்க வேண்டும். பாதியில் வேகத்தைக் குறைக்க பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் அது சூடாகிப் புகையும், அப்புறம் பிடிக்காது. வையோமிங்கில் எல்க் மலைப் பக்கம் ஐ-80-இல் குளிர்காலக் காற்று காலி டிரெய்லரைக் கவிழ்த்துவிடும். அங்கே கற்க வேண்டிய பாடம் ஓட்டுவது எப்படி என்பதைவிட எப்போது நிறுத்துவது என்பது. லோடு ஒதுக்கும் டிஸ்பாட்சர் "லோடு அவசரம்" என்று செய்தி அனுப்பினாலும், பாதுகாப்பில்லாத நிலையில் ஓட்ட மறுக்கும் ஓட்டுநரைத் தண்டிக்கக் கூடாது என்று 1982 சட்டம் சொல்கிறது. தண்டித்தால் 180 நாளுக்குள் ஓஷா என்ற மத்திய தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பிடம் புகார் கொடுக்கலாம். விதியை மீறச் சொல்லி வற்புறுத்துவதே குற்றம் என்ற தனி விதி 2016 ஜனவரியில் வந்தது. மறுப்பதைப் பேச்சில் முடித்துவிடாமல் வண்டிக் கருவியில் எழுத்தாக அனுப்புவது முக்கியம்.

முதல் வருஷத்தில் தொடவே கூடாதது என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், குத்தகை வண்டியைச் சொல்வேன். பயிற்சி முடித்துச் சில மாதத்தில் "நீயே முதலாளி ஆகலாம், முன்பணம் வேண்டாம்" என்று காகிதம் நீட்டுவார்கள். லோடு வந்தாலும் வராவிட்டாலும் வாரா வாரம் வண்டித் தவணை, டீசல், இன்சூரன்ஸ், பராமரிப்பு எல்லாம் ஓட்டுநர் கணக்கில். லோடு கொடுப்பவரும் தவணை வாங்குபவரும் ஒரே ஆள். 2021 உள்கட்டமைப்புச் சட்டத்தின்படி அமைத்த பணிக்குழு இந்தத் திட்டங்களை ஆராய்ந்து, இவற்றைத் தடை செய்யவே பரிந்துரைத்தது. ஒரு தொழிலின் செலவு எங்கெங்கே ஒளிந்திருக்கும் என்று தெரியாத முதல் வருஷத்தில் அதில் கை வைப்பது ஆழம் தெரியாமல் காலை விடுவது.

கவனமாகக் காக்க வேண்டிய சொத்து, ஓட்டுநரின் வேலைப் பதிவு. கடந்த 3 வருஷ வேலை இடங்களில் பாதுகாப்பு விவரம் கேட்பது புது முதலாளியின் சட்டக் கடமை. அதோடு டிஏசி (DAC) ரிப்போர்ட் என்ற தனியார் வேலை வரலாற்றுப் பதிவும் பின்தொடரும். கோபத்தில் வண்டியை எங்கோ நிறுத்திவிட்டு பஸ் ஏறிப் போனால் "வண்டியைக் கைவிட்டவர்" என்று அதில் விழும், அடுத்த கதவு திறக்காது. விலகுவதென்றால் நிறுவனத்தின் டெர்மினலில் வண்டியை ஒப்படைத்து, படம் எடுத்து, ரசீது வாங்கிக்கொண்டு விலக வேண்டும். பதிவில் தப்பு இருந்தால் நகல் கேட்டுத் திருத்தச் சொல்லும் உரிமையும் உண்டு.

சரி, ஒரு வருஷம் முடிந்தது. என்ன கிடைக்கும்? சின்ன நிறுவனங்களின் கதவு திறக்கும். டெர்மினலுக்கும் டெர்மினலுக்கும் இரவில் ஓட்டி, காலையில் வீட்டுக்கு வந்துவிடும் வேலை, பலருடைய சின்னச் சரக்குகளை ஒரே வண்டியில் ஏற்றும் நிறுவனங்களில் கிடைக்கும். அங்கே பல வேலைகளுக்கு மணிக்கணக்கில் சம்பளம். வால்மார்ட் தன் சொந்த வண்டிகளை ஓட்டுபவருக்கு முதல் வருஷத்திலேயே 1,10,000 டாலர் வரை கிடைக்கும் என்று 2022 ஏப்ரலில் அறிவித்தது. நாடு முழுக்கக் கனரக டிரக் ஓட்டுநரின் நடு வருமானம் அடுத்த ஆண்டு 54,320 டாலர்தான். ஆனால் வால்மார்ட் கேட்டது கடைசி 3 வருஷத்தில் 30 மாத முழுநேர அனுபவம். "ஒரு வருஷம்" என்று சொன்னவர்கள் இதைச் சேர்த்துச் சொல்வதில்லை.

இடையில் இருக்கும் அந்த ஒன்றரை வருஷத்துக்கு எந்த நிறுவனம் என்று தேடும்போது, மைலுக்கு எத்தனை சென்ட் என்ற கேள்வியைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். முதலில் கேட்க வேண்டியவை: சம்பளம் ஊர் மையத்திலிருந்து ஊர் மையத்துக்கு அளந்த மைலுக்கா, உண்மையில் ஓடிய மைலுக்கா? போன மாதம் உங்கள் ஓட்டுநர்கள் வாரத்துக்குச் சராசரி எத்தனை மைல் ஓடினார்கள்? காத்திருப்புக்கு எந்த நிமிஷத்திலிருந்து காசு, கிடங்குக்காரர் கொடுக்காவிட்டாலும் நீங்கள் கொடுப்பீர்களா? பனியில் நான் வண்டியை நிறுத்தினால் அன்றைக்கு என்ன கிடைக்கும்? இந்தக் கடைசிக் கேள்விக்கு ரெக்ரூட்டர் எவ்வளவு நேரம் யோசிக்கிறார் என்று பாருங்கள்.